மண்ணிலிருந்து ஆன்டிபயாடிக் தேடும் ப்ராஜெக்ட்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜியோ பயோடெக்னாலஜியோ கடைசி வருடம் படிக்கிறீர்கள், மண்ணில் உள்ள ஆக்டினோமைசீட்ஸ் என்ற, இழை இழையாக வளரும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து அவை ஆன்டிபயாடிக் சுரக்கின்றனவா என்று பார்க்கும் தலைப்பு உங்களுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வருடாவருடம் பலர் எடுக்கும் தலைப்பு இது. நானும் இங்கேதான் தொடங்கினேன். மண்ணைக் கரைப்பதும் பிளேட்டில் பரப்புவதும் எந்தச் செய்முறைப் புத்தகத்திலும் இருக்கும். எந்தக் கடிதத்தை எப்போது எழுதுவது, எதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும், எந்த ஸோனை (பாக்டீரியா வளராமல் தெளிவாகத் தெரியும் வட்டம்) நம்பக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்காது. முட்டி மோதித் தெரிந்துகொண்ட அந்த விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று: இதை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். பெயர் தெரியாத ஒரு நுண்ணுயிரைக் கோடிக்கணக்கில் பெருக்கப் போகிறீர்கள். லாமினார் ஃப்ளோவும் ஆட்டோகிளேவும் வழிகாட்டி ஒருவரும் இருக்கும் இடத்தில் மட்டுமே இது நடக்க வேண்டும்.

1. மண்ணைத் தொடும் முன் எழுத வேண்டிய கடிதங்கள்

மண் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், எடுப்பதற்கு என்ன அனுமதி என்று தோன்றும். வயல், தோட்டம், கல்லூரி வளாகம் என்றால் உரிமையாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு, ஒரு சிறு ஒப்புதல் கடிதமும் வாங்கிக்கொண்டால் போதும். உப்பளம் என்றால் குத்தகைக்காரரிடம் கேளுங்கள். மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

காடு வேறு கதை. காப்புக்காட்டிலிருந்து ஒரு பை மண் எடுப்பதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பிச்சாவரம் அலையாத்திக் காடு சுற்றுலாத் தலமாகத் தெரிந்தாலும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள இடம்தான். படகில் போகும்போது ஒரு கை சேற்றை அள்ளிவரலாம் என்று நினைக்க வேண்டாம். துறைத் தலைவர் வழியாக விண்ணப்பம் போய், பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஒரே செமஸ்டர்தான் கையில் இருக்கிறது என்றால் காட்டு மண் ஆசையை விட்டுவிடுங்கள். முனைவர் பட்டத்துக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002. இந்தியக் குடிமகனாக, இந்தியக் கல்லூரியில் ஆராய்ச்சிக்காக மட்டும் மண் எடுத்தால் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படாது. ஆனால் மூன்று இடங்களில் அந்தச் சட்டம் உங்களைத் தொடும்: வெளிநாட்டவர் யாராவது ஆய்வில் பங்கெடுத்தால், உங்கள் கல்ச்சரையோ ஆய்வு முடிவையோ வெளிநாட்டு லேபுக்குக் கொடுத்தால், கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை கேட்டால். 2023 திருத்தத்துக்குப் பிறகு நடைமுறைகள் மாறியிருக்கின்றன. அதனால் சீனியருடைய பழைய விண்ணப்பத்தைப் பார்த்து எழுதாதீர்கள். ஆணையத்தின் அலுவலகம் சென்னை தரமணியில், டைசல் பயோ பார்க்கில்தான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் நேரில் கேட்டுவிடலாம்.

கல்லூரிக்குள் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலையும் இப்போதே வாங்கிவிடுங்கள். மருத்துவமனையிலிருந்து எம்.ஆர்.எஸ்.ஏ. (மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ்) போன்ற நோயாளி மாதிரிகளை வாங்கிச் சோதிக்கும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இரண்டாம் நிலைப் பாதுகாப்பு லேபும் வேண்டும். முதல் ப்ராஜெக்டுக்கு அது தேவையே இல்லை.

2. சோதனை பாக்டீரியாவுக்கு ஆர்டர் போடுங்கள்

உங்கள் காலனிகள் எதைத் தடுக்கின்றன என்று பார்க்க வேண்டிய பாக்டீரியாவை, மண்ணை எடுத்துவிட்டு அப்புறம் ஆர்டர் போடலாம் என்றால் காத்திருந்தே மார்ச் வந்துவிடும். சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையத்திலிருந்து வாங்குவதுதான் நல்லது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் எம்.டி.சி.சி. 96, பேசிலஸ் சப்டிலிஸ் எம்.டி.சி.சி. 441, ஈ. கோலை எம்.டி.சி.சி. 443 ஆகிய மூன்றும் தொடக்கத்துக்குப் போதும். விண்ணப்பப் படிவத்தில் நிறுவனத் தலைவரின் கையெழுத்து வேண்டும், பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். உலர்த்திய நிலையில் ஆம்பூலில் வரும். ஜனவரியில் வேலை தொடங்குவதாக இருந்தால் நவம்பரிலேயே அனுப்பிவிடுங்கள்.

பக்கத்து லேபில் இருக்கும் கல்ச்சரைக் கேட்டால் உடனே கிடைக்கும்தான். ஆனால் பல வருடம் சப்கல்ச்சர் செய்த குழாயில் மேலே எழுதியிருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. வேறு வழியே இல்லாமல் வாங்கினால் கிராம் ஸ்டெயினும் இரண்டு மூன்று பயோகெமிக்கல் சோதனையும் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

காலக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். தீசிஸ் எழுத மூன்று வாரம். எந்த பாக்டீரியா என்று அடையாளம் காட்டும் 16எஸ் ஜீன் சீக்வென்ஸின் முடிவு வர இரண்டு மூன்று வாரம். புரோத்தில் (திரவ மீடியாவில்) வளர்த்து எக்ஸ்ட்ராக்ட் (கரைப்பானால் பிரித்த சாறு) எடுத்துச் சோதிக்க மூன்று வாரம். முதல் கட்டச் சோதனைக்கு இரண்டு வாரம், காலனிகளைச் சுத்தம் செய்ய இரண்டு வாரம், மண் காய்ந்து காலனி வர மூன்று நான்கு வாரம். கூட்டிப் பாருங்கள், நான்கு மாதம் எங்கும் நிற்காமல் ஓடியே ஆக வேண்டும். நடுவில் பொங்கல் விடுமுறையும் இருக்கிறது.

3. மண் எடுத்தல்

மேலே உள்ள இலை தழையை ஒதுக்கிவிட்டு 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்த கரண்டி, புதிய ஜிப் பை, பெர்மனென்ட் மார்க்கர். ஓர் இடத்தில் நான்கைந்து புள்ளிகளில் எடுத்துக் கலந்தால் 50 கிராம் போதும். பையின் மேல் தேதி, இடம், ஆழம் எழுதி, அங்கேயே நின்று ஜி.பி.எஸ். எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜீன்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் சீக்வென்ஸ் பதியும்போதும் கட்டுரை அனுப்பும்போதும் இந்த விவரம் கேட்பார்கள். நினைவிலிருந்து எழுதிய இடப் பெயர் அங்கே உதவாது.

எந்த மண்? எல்லோரும் எடுக்கும் தோட்டத்து மண்ணில் ஆக்டினோமைசீட்ஸில் ஒன்றான ஸ்ட்ரெப்டோமைசிஸ் தாராளமாகக் கிடைக்கும். உப்பள மண், கரையான் புற்று, வேர்களை ஒட்டிய மண் என்று கொஞ்சம் விலகிப் போனால் காலனி எண்ணிக்கை குறையும், ஆனால் வகை மாறும். அதற்காகத் தோட்டத்து மண்ணை ஏளனமாக நினைக்க வேண்டாம். 2025இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் அறிவித்த லாரியோசிடின் என்ற ஆன்டிபயாடிக், ஒரு வீட்டுப் பின்கட்டு மண்ணில் இருந்த பேனிபேசிலஸ் பாக்டீரியா உண்டாக்குவது. அந்த மண்ணில் மெதுவாக வளர்பவையும் தலைகாட்டட்டும் என்று சுமார் ஒரு வருடம் வளரவிட்டிருந்தார்கள். உங்களுக்கு ஒரு வருடம் கிடைக்காது. ஆனால் நான்காம் நாளே பிளேட்டுகளைக் கழுவப் போடாமல் மூன்று வாரம் வைத்திருக்க உங்களாலும் முடியும்.

4. காயவைத்தல், மீடியா, பிளேட்

மண்ணை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சலித்து, 10 கிராமுக்கு 1 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, ஹாட் ஏர் அவனில் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். வேகமாக வளரும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி இதில் போய்விடும். ஆக்டினோமைசீட்ஸின் வித்துகள் தாங்கும். பேசிலஸின் எண்டோஸ்போரும் தாங்கும் என்பதை மறக்க வேண்டாம். பிளேட்டில் ஈரமாக, தட்டையாக, ஒரே இரவில் படர்கிற காலனி பெரும்பாலும் அதுதான்.

மீடியாவுக்கு ஸ்டார்ச் கேசின் அகார் போதும். ரெடிமேட் பாட்டில் வாங்கப் பணம் இல்லை என்றால் நீங்களே கலக்கலாம், செலவு மிகவும் குறையும். ஒரு லிட்டருக்கு: கரையும் ஸ்டார்ச் 10 கிராம், கேசின் 0.3, பொட்டாசியம் நைட்ரேட் 2, சோடியம் குளோரைடு 2, டைபொட்டாசியம் பாஸ்பேட் 2, மெக்னீசியம் சல்பேட் 0.05, கால்சியம் கார்பனேட் 0.02, ஃபெரஸ் சல்பேட் 0.01, அகார் 18. பிஹெச் 7 முதல் 7.2. கேசினை நேரே தண்ணீரில் கொட்டினால் கட்டிகட்டியாக மிதக்கும். மிகக் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் முதலில் கரைத்துக்கொண்டு சேருங்கள். உப்பள மண் என்றால் அந்த மண்ணுக்கு ஏற்ப உப்பைக் கூட்ட வேண்டும்.

பூஞ்சை வராமல் இருக்க சைக்ளோஹெக்சிமைடு, கிராம் நெகட்டிவ்களை அடக்க நாலிடிக்சிக் அமிலம். முதலாவது மில்லிக்கு 50 மைக்ரோகிராம், இரண்டாவது 20 மைக்ரோகிராம். இரண்டையும் ஆட்டோகிளேவுக்குப் பிறகு, மீடியா கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சேருங்கள். சைக்ளோஹெக்சிமைடு மனிதருக்கும் நஞ்சு. கையுறை போட்டு, காற்று அடிக்காத இடத்தில் நிறுங்கள். விலையும் அதிகம்தான், ஆனால் 1 கிராம் வாங்கினால் 20 லிட்டர் மீடியாவுக்கு வரும். அதே தலைப்பில் இருக்கும் நண்பர்களோடு பங்கு போட்டு வாங்குங்கள்.

10⁻³ முதல் 10⁻⁵ வரை நீர்த்து, ஒவ்வொன்றிலும் 0.1 மில்லி பரப்பி, 28 டிகிரியில் வையுங்கள். இங்கே நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சாதாரண இன்குபேட்டரால் சூடாக்கத்தான் முடியும், குளிர்விக்க முடியாது. ஏப்ரல் மாதத்துச் சென்னையில் அறையே 35 டிகிரியைத் தாண்டியிருக்கும்போது அது 28க்கு வராது. குளிர்விக்கவும் கூடிய பி.ஓ.டி. இன்குபேட்டரில் இடம் பிடியுங்கள், அதற்கான பெயர்ப் பதிவு நோட்டில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பிளேட்டில் 25 மில்லி கனமாக ஊற்றுங்கள். வழக்கமான 15 மில்லி பிளேட் இரண்டு வாரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும்.

5. காலனி எடுத்தல், அதே நாளில் சேமித்தல்

நான்காம் நாள் வாக்கில் குண்டூசித் தலை அளவில் கெட்டியான புள்ளிகள் தெரியும். ஏழாம் நாளில் சிலவற்றின் மேல் வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு நிறத்தில் பொடி படியும். அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் அகாருக்குள் பழுப்போ மஞ்சளோ பரவியிருக்கும். சில காலனிகளின் மேல் நிறமுள்ள துளிகள் நிற்கும். லூப்பால் எடுக்கப் போனால் வழுக்கும், வராது. ஆக்டினோமைசீட்ஸ் அகாருக்குள் வேர்விட்டு இருக்கும். ஆட்டோகிளேவ் செய்த பல்குத்தும் குச்சியால் நுனியைக் குத்தித் தூக்கினால் அகார்த் துணுக்கோடு சேர்ந்து வரும். மண்வாசனை வருகிறதா என்று மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் பல லேபில் இருக்கிறது. செய்யாதீர்கள். நோகார்டியா போன்ற நோய் உண்டாக்குபவையும் இதே கூட்டத்தில்தான் இருக்கின்றன.

ஆக்டினோமைசீட்ஸுக்கான ஐ.எஸ்.பி.-2 மீடியாவில் இரண்டு மூன்று முறை கோடு இழுத்துச் சுத்தமானதும், சோதனைக்குப் போகும் முன்பே 20 சதவீதக் கிளிசராலில் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு ஐசொலேட்டுக்கும் (சுத்தமாகப் பிரித்தெடுத்த கல்ச்சர்) மூன்று குழாய். இரண்டு மைனஸ் 80இல், வேறு ஃப்ரீஸரில் ஒன்று. ஸ்ட்ரெப்டோமைசிஸை மாறி மாறிச் சப்கல்ச்சர் செய்தால் ஆன்டிபயாடிக் சுரக்கும் திறனை இழந்துவிடக்கூடும். முதல் மாதம் 18 மில்லிமீட்டர் ஸோன் கொடுத்த காலனி மூன்றாம் மாதம் ஒன்றுமே கொடுக்காமல் போனால், திரும்பிப் போக அந்தக் குழாய் மட்டும்தான் வழி. கரன்ட் போய் ஃப்ரீஸர் உருகினால் அதுவும் போகும். அதனால்தான் இரண்டாவது ஃப்ரீஸர்.

6. முதல் சோதனை

ஐசொலேட்டின் கோட்டுக்குக் குறுக்கே சோதனை பாக்டீரியாவைக் கோடு இழுக்கும் கிராஸ் ஸ்ட்ரீக் எளிது, எல்லோரும் செய்வது. எனக்குப் பிடித்தது அகார் பிளக் முறை. ஐசொலேட்டை ஐ.எஸ்.பி.-2இல் ஏழு நாள் முழுப் பரப்பிலும் வளருங்கள். கார்க் போரரால் 6 மில்லிமீட்டர் துண்டு வெட்டி, சோதனை பாக்டீரியா பரப்பிய முல்லர் ஹிண்டன் அகார் மேல் வையுங்கள். 4 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மருந்து முதலில் பரவும். அப்புறம் 37 டிகிரியில் ஓர் இரவு. பாக்டீரியாவின் அடர்த்தி 0.5 மேக்ஃபார்லண்ட் (கலங்கலை வைத்து ஒப்பிடும் அளவு), அகாரின் ஆழம் 4 மில்லிமீட்டர். இந்த இரண்டும் மாறினால் ஸோன் அளவும் மாறும், போன வாரத்தோடு ஒப்பிட முடியாது.

நூறு காலனியில் கணிசமானவை ஸ்டஃபைலோகாக்கஸையும் பேசிலஸையும் தடுக்கும். கிராம் நெகட்டிவ்களுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால் ஈ. கோலை மேல் ஸோன் வருவது குறைவு. வந்தால் அந்த ஐசொலேட்டுக்குத் தனிக் கவனம் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 பட்டியலில் மிக அவசரம் என்ற பிரிவில் இருப்பவற்றில் கார்பபெனெம் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத அசினிடோபாக்டர் போன்ற கிராம் நெகட்டிவ்கள்தான் அதிகம்.

7. புரோத், எக்ஸ்ட்ராக்ட், கன்ட்ரோல்

தேர்ந்தெடுத்த மூன்று நான்கு ஐசொலேட்டை மட்டும் திரவ மீடியாவில் 28 டிகிரி, 150 ஆர்.பி.எம்.மில் ஏழு நாள் வளருங்கள். ஃபிளாஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம், காற்று போதாது. ஷேக்கருக்கு யு.பி.எஸ். உண்டா என்று கேட்டு வையுங்கள். அகாரில் நன்றாக வேலை செய்தது திரவத்தில் செய்யாமல் போவது சகஜம். மனம் தளர வேண்டாம், அகாரையே துண்டு துண்டாக நறுக்கிக் கரைப்பானில் ஊறவைத்தும் எடுக்கலாம்.

செல்களை சென்ட்ரிஃப்யூஜில் பிரித்துவிட்டு, சம அளவு எத்தில் அசிட்டேட்டால் இரண்டு முறை பிரித்தெடுங்கள். மேலே நிற்பது எத்தில் அசிட்டேட். கீழே இருக்கும் தண்ணீர்ப் பகுதியைக் கொட்டிவிடாதீர்கள்! ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற நீரில் கரையும் மருந்துகள் கரைப்பானுக்கு வராமல் அங்கேயே தங்கிவிடும். இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள்.

கன்ட்ரோல் விஷயத்தில் கறாராக இருங்கள். ஒவ்வொரு பிளேட்டிலும் கரைப்பான் மட்டும் விட்ட டிஸ்க் ஒன்று, எதுவும் வளர்க்காத மீடியாவை இதே முறையில் எக்ஸ்ட்ராக்ட் செய்த டிஸ்க் ஒன்று, கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் டிஸ்க் ஒன்று. டிஸ்க்கில் எத்தில் அசிட்டேட் முழுதாக ஆவியாகாமல் இருந்தாலே ஸோன் வரும். எக்ஸ்ட்ராக்டைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் அதிகமானாலும் வரும். புரோத்தின் பிஹெச் 5க்குக் கீழே போயிருந்தால் அந்தப் புளிப்பே பாக்டீரியாவைத் தடுக்கும். வைவாவில் வெளித்தேர்வாளர் முதலில் கேட்பது இதைத்தான். கேட்காவிட்டாலும், கன்ட்ரோல் இல்லாத ஸோன் படத்தை வைத்து அடுத்து வரும் மாணவரால் ஒன்றும் செய்ய முடியாது.

8. ஏற்கெனவே தெரிந்த மருந்துதானா என்று பார்த்தல்

பெரும்பாலான ப்ராஜெக்டுகள் நின்றுவிடும் இடம் இது. நான் அதிகம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். மண் ஆக்டினோமைசீட்ஸில் தோராயமாகப் பத்தில் ஒன்று ஸ்ட்ரெப்டோத்ரிசினையும், நூறில் ஒன்று ஸ்ட்ரெப்டோமைசினையும் சுரக்கும். வான்கோமைசின் சுரப்பது லட்சத்தில் ஒன்றிரண்டுதான். அப்படியென்றால் உங்கள் பிளேட்டில் தெரியும் ஸோன் பழைய மருந்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதைக் கழித்துக்காட்டுவதும் ஒரு முடிவுதான், தீசிஸில் தாராளமாக எழுதலாம்.

பணம் அதிகம் செலவழிக்காமல் செய்யக்கூடியவை: செயல்பாடு தண்ணீர்ப் பகுதியில் இருந்து, கிராம் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் தடுத்தால் ஸ்ட்ரெப்டோத்ரிசின் அல்லது ஸ்ட்ரெப்டோமைசின் வகையைச் சந்தேகியுங்கள். எக்ஸ்ட்ராக்ட் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறமாக இருந்து, கிராம் பாசிட்டிவ்களைப் பலமாக அடித்து, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 440 நானோமீட்டர் பக்கம் உச்சம் காட்டினால் ஆக்டினோமைசினாக இருக்கலாம். அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து, மனித செல்லையும் தாக்கும். கையாளும்போது கவனம். கலவையைப் பிரித்துக்காட்டும் டி.எல்.சி. தகட்டில் எக்ஸ்ட்ராக்டை ஓடவிட்டு அதன்மேல் பாக்டீரியா கலந்த அகாரை ஊற்றினால் எந்தப் புள்ளி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

மாஸ் ஸ்பெக்ட்ரம், என்.எம்.ஆர். வேண்டும் என்றால் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள எஸ்.ஏ.ஐ.எஃப். போன்ற பொது வசதிகளில் வெளிக் கல்லூரி மாணவருக்கும் செய்து தருவார்கள். ஐ-ஸ்டெம் தளத்தில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடலாம். கல்லூரிகளுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் கட்டணம் வேறு வேறு. துறைத் தலைவர் கையெழுத்திட்ட போனஃபைட் கடிதத்தை மாதிரியோடு சேர்த்தே அனுப்புங்கள், இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம் கேட்கலாம். வரிசை நீளம், ஒரு மாதம் ஒதுக்குங்கள். வந்த எடையை இயற்கைப் பொருள்களின் இலவசத் தரவுத்தளமான நேச்சுரல் ப்ராடக்ட்ஸ் அட்லஸில் ஒப்பிடலாம்.

9. 16எஸ் சீக்வென்ஸிங்

16எஸ் ஜீனைப் பெருக்க 27எஃப், 1492ஆர் ப்ரைமர்கள் போதும். ஸ்ட்ரெப்டோமைசிஸின் டி.என்.ஏ.வில் ஜி, சி எழுத்துகள் 70 சதவீதத்துக்கும் மேல், அதனால் பி.சி.ஆர். அடிக்கடி அடம்பிடிக்கும். 5 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ. சேர்த்துப் பாருங்கள். தனியார் கம்பெனிகளுக்குக் கல்ச்சராகவே அனுப்பினால் டி.என்.ஏ. எடுப்பது முதல் எல்லாம் அவர்களே செய்வார்கள், ஆனால் விலை கூடும். கம்பெனிக்குக் கம்பெனி கட்டணம் மிகவும் மாறுவதால் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒரு திசையில் மட்டும் படித்து 700 எழுத்து கொடுப்பதா, இரு திசையிலும் படித்து 1400க்கு மேல் கொடுப்பதா என்று எழுத்திலேயே கேளுங்கள். எனக்கு ஓர் இடத்திலிருந்து பாதி சீக்வென்ஸ் மட்டும் வந்து, மீதிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. குரோமடோகிராம் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

முடிவை ஈஸிபயோகிளவுட் தரவுத்தளத்தில் ஒப்பிடுங்கள். 98.7 சதவீதத்துக்குக் கீழே வந்தால் புதிய இனமாக இருக்கக்கூடும். அதற்கு மேல் வந்தால் பழைய இனம் என்று உறுதியாகிவிடாது, ஸ்ட்ரெப்டோமைசிஸில் பல இனங்களுக்கு 16எஸ் ஏறக்குறைய ஒன்றுதான். முழு ஜீனோம் எடுக்கப் பணம் கிடைத்தால் ஆன்டிபயாடிக் ஜீன்களைத் தேடும் ஆன்டிஸ்மாஷ் மென்பொருளில் இலவசமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸில் இத்தகைய பொருள்களை உண்டாக்கும் ஜீன் கூட்டங்கள் 20, 30 என்று இருக்கும். லேபில் நாம் பார்ப்பது அவற்றில் ஒன்றிரண்டைத்தான்.

10. ப்ராஜெக்ட் முடிந்த பிறகு

வைவா முடிந்ததும் பிளேட்டுகளை ஆட்டோகிளேவ் செய்துவிட்டுத்தான் கழிவில் போட வேண்டும். நல்ல ஐசொலேட் கிடைத்திருந்தால் அதைக் கல்லூரி ஃப்ரீஸரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எம்.டி.சி.சி.யிலோ புனேயில் உள்ள என்.சி.எம்.ஆர். சேகரிப்பு மையத்திலோ ஒப்படைத்து எண் வாங்குங்கள், சீக்வென்ஸை ஜீன்பேங்கில் பதியுங்கள். புதிய இனம் என்று அறிவிக்கும் அளவுக்குப் போனால் இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேகரிப்பு மையங்களில் வைக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் அந்தப் பார்சலுக்கு முன்னால் பல்லுயிர் ஆணையத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். காப்புரிமை எண்ணம் இருந்தால் கருத்தரங்கில் போஸ்டர் ஒட்டுவதற்கு முன்பே வழிகாட்டியிடம் சொல்லுங்கள், பொதுவில் காட்டிய பிறகு விண்ணப்பிப்பது மிகவும் கடினம்.

செலவைப் பற்றிக் கடைசியாக: கருவிகள் எல்லாம் கல்லூரியிலேயே இருந்தால், மீடியா, கெமிக்கல், கல்ச்சர், இரண்டு மூன்று ஐசொலேட்டுக்கு 16எஸ் எல்லாம் சேர்த்து என் கணக்கில் 15,000 முதல் 25,000 ரூபாய் வரை ஆகும். மாஸ் ஸ்பெக்ட்ரமும் ஜீனோமும் இதில் சேராது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்டுகளுக்கு நிதி கொடுக்கிறது. அறிவிப்பு எப்போது வருகிறது என்று துறை அலுவலகத்தில் கேட்டு வையுங்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் உங்கள் பெயரில் வாங்காமல் கல்லூரிப் பெயரில் வாங்குங்கள்.